கடல் சீஸ்மிக் சர்வே: மேலே இருப்பதும் தெரியணும், ஆழத்தில் இருப்பதும் தெரியணும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துக் கடல்தரைக்குக் கீழே இருக்கும் பாறை அடுக்குகளைப் படமெடுப்பதுதான் கடல் சீஸ்மிக் சர்வே. சீஸ்மிக் டேட்டாவோடு புழங்க ஆரம்பிப்பவர்கள், சர்வே அறிக்கையை வைத்து முடிவெடுக்க வேண்டிய பொறியாளர்கள், புவியியல் மாணவர்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகர்கின்றன.

கடல்ல சீஸ்மிக் சர்வே எப்படி நடக்குது? சுருக்கமா சொல்லுங்களேன்.

ஒரு கப்பல் நாலைந்து நாட் வேகத்தில், அதாவது நொடிக்கு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, நேர்கோட்டில் போகும். அதன் பின்னால் ஏர் கன்கள் சில மீட்டர் ஆழத்தில் இழுபட்டு வரும். இவை சதுர அங்குலத்துக்கு சுமார் 2000 பவுண்டு அழுத்தத்தில் இருக்கும் காற்றைச் சட்டென்று தண்ணீருக்குள் திறந்துவிடும். கிளம்பும் ஒலி கடல்தரையைத் தாண்டி உள்ளே போய், பாறை அடுக்கு மாறும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். அதைக் கேட்பதற்காக ஹைட்ரோபோன்கள் பொருத்திய நீளமான கேபிள்கள், அதாவது ஸ்ட்ரீமர்கள், கப்பலுக்குப் பின்னால் பல கிலோமீட்டர் நீளத்துக்கு வரும்.

சோர்ஸுக்கும் (ஒலியை எழுப்பும் ஏர் கன் போன்ற கருவிக்கும்) ஒரு ஹைட்ரோபோனுக்கும் நடுவே உள்ள கிடைமட்டத் தூரத்தை ஆஃப்செட் என்பார்கள். கீழே இந்த வார்த்தை அடிக்கடி வரும்.

ஆழம் குறைஞ்ச இலக்கு, ஆழமான இலக்குன்னு எதை வெச்சு பிரிக்கறீங்க?

கறாரான எல்லை கிடையாது. காற்றாலைக்கு அடித்தளம் போடுபவருக்குக் கடல்தரைக்குக் கீழே முதல் நூறு மீட்டர்தான் உலகம். கிணறு தோண்டுபவருக்கு முதல் ஆயிரம் மீட்டரில் எங்காவது வாயு பொதிந்திருக்கிறதா என்ற கவலை, அதற்குக் கீழே மூன்று நாலு கிலோமீட்டரில் எண்ணெய் இருக்கிறதா என்ற ஆசை. நிலநடுக்கம் ஆராய்பவர்களோ பத்து கிலோமீட்டருக்கும் கீழே ஒரு கண்டத்தட்டு இன்னொன்றுக்குள் நுழையும் பரப்பைத் தேடுவார்கள்.

ஒரே சர்வேயில ரெண்டையும் நல்லா பார்க்க முடியாதா? என்ன தடை?

முதல் தடை அதிர்வெண். மெல்லிய அடுக்குகளைப் பிரித்துப் பார்க்க உயர் அதிர்வெண் வேண்டும். அலைநீளத்தில் கால் பங்கு தடிமன் இருந்தால்தான் ஓர் அடுக்கின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் தனித்தனியாகத் தெரியும் என்பது பொதுவான கணக்கு. மேலே இருக்கும் மென்மையான வண்டலில் வேகம் நொடிக்கு 1800 மீட்டர், அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 9 மீட்டர், அப்போது இரண்டேகால் மீட்டர் அடுக்கு வரை பிரியும். ஆழத்தில் வேகம் 4000 மீட்டர், மிஞ்சி வந்த அதிர்வெண் 20 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 200 மீட்டர், 50 மீட்டருக்கு மெல்லிய எதுவும் பிரியாது.

ஆழத்திலும் 200 ஹெர்ட்ஸ் அனுப்பினால் என்ன என்று தோன்றும். அனுப்பலாம், திரும்பி வராது. பாறை ஒலியை உறிஞ்சும், அதுவும் ஒவ்வொரு அலைச் சுழற்சிக்கும் இவ்வளவு என்று உறிஞ்சும். தூரத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும்போது தாளத்தின் அதிர்வு மட்டும் காதில் விழுமே, அதே சங்கதிதான். பாறையின் தரக்காரணி (உறிஞ்சல் குறைந்தால் பெரிதாகும் எண்) 100 என்று வைத்துக்கொண்டு போய்வர 4 நொடி ஆகும் இலக்குக்குக் கணக்குப் போட்டால், 20 ஹெர்ட்ஸ் அலையின் வீச்சில் 8 சதவீதம் மிஞ்சும், 80 ஹெர்ட்ஸில் லட்சத்தில் நாலு பங்கு. ஆனால் 0.3 நொடியில் திரும்பும் மேல் அடுக்குக்கு அதே 80 ஹெர்ட்ஸில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அப்படியே இருக்கும்.

இரண்டாவது தடை வடிவியல். மேல் அடுக்குகளுக்கு, சோர்ஸுக்குக் கிட்ட இருக்கும் ரிசீவர்களும் (எதிரொலியைக் கேட்கும் ஹைட்ரோபோன்களும்) நெருக்கமான இடைவெளியும் வேண்டும், ஆழத்துக்குத் தூரத்தில் இருக்கும் ரிசீவர்கள் வேண்டும். இந்த இரண்டு தடைகளையும் எந்த அளவுக்குத் தளர்த்தலாம் என்பதுதான் கடந்த இருபது வருட முன்னேற்றத்தின் பெரும்பகுதி.

ஏர் கன்னைப் பெரிசாக்கிட்டா ஆழத்துல தெரியும்தானே?

ஓரளவுதான். ஒரு கன்னின் கொள்ளளவை எட்டு மடங்கு கூட்டினாலும் அது தரும் அழுத்தத் துடிப்பு ஏறக்குறைய இரண்டு மடங்குதான் ஆகும், கனமூலத்துக்கு ஏற்பத்தான் வளரும். கன்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் சத்தம் நேராகக் கூடும். அதனால்தான் ஒரே பெரிய கன்னுக்குப் பதிலாக முப்பது நாற்பது கன்களைச் சேர்த்து மொத்தம் 3000 முதல் 5000 கன அங்குலம் வரை கட்டுகிறார்கள். அமெரிக்க ஆராய்ச்சிக் கப்பல் மார்கஸ் லாங்செத் 36 கன்களோடு 6600 கன அங்குலம் இழுத்தது.

பெரிய கன்னுக்கு வேறொரு பயன் உண்டு. வெளியேறிய காற்றுக் குமிழி விரிந்து சுருங்கி அதிரும். குமிழி பெரிதானால் அந்த அதிர்வு மெதுவாகும், தாழ்ந்த அதிர்வெண் கூடும். ஒரு கூட்டத்தில் வேறுவேறு அளவுக் கன்களை வைப்பதும் இதனால்தான்: முதல் துடிப்புகள் ஒன்றாகச் சேரும், குமிழி அதிர்வுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் அடங்கிப்போகும். ஒரு விஷயம் கவனியுங்கள், கன்னை ஆழமாக இறக்கினால் தண்ணீரின் அழுத்தம் குமிழியை வேகமாகச் சுருக்கும், குமிழி அதிர்வெண் ஏறிவிடும். தாழ்ந்த அதிர்வெண் வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சோர்ஸை இறக்கினால் ஒரு கையால் வாங்கியதை மறுகையால் கொடுத்ததாகிவிடும்.

கோஸ்ட், கோஸ்ட்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன?

கடலின் மேல்பரப்பு ஒலிக்கு ஏறக்குறைய முழுக் கண்ணாடி, அதுவும் அலையைத் தலைகீழாகத் திருப்பி அனுப்பும் கண்ணாடி. கீழிருந்து வரும் அலை ஹைட்ரோபோனைத் தொட்டுவிட்டு மேலே போய், தலைகீழாகத் திரும்பி, மறுபடியும் அதே ஹைட்ரோபோனைத் தொடும். இந்த இரண்டாவது வரவுதான் கோஸ்ட். சோர்ஸ் பக்கத்திலும் இதே கதை.

முதல் அலையும் கோஸ்டும் சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒலி வேகத்தை இழுவை ஆழத்தின் இருமடங்கால் வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைக்கும். தண்ணீரில் ஒலி நொடிக்கு 1500 மீட்டர் போகும். கேபிள் 7 மீட்டரில் இருந்தால் சுமார் 107 ஹெர்ட்ஸில் பள்ளம் விழும். 25 மீட்டரில் இருந்தால் 30, 60, 90 என்று வரிசையாக விழும். பூஜ்ஜிய ஹெர்ட்ஸிலும் எப்போதும் ஒரு பள்ளம் உண்டு, பலரும் மறப்பது இதைத்தான். 5 ஹெர்ட்ஸில் 7 மீட்டர் கேபிளைவிட 25 மீட்டர் கேபிள் மூன்று மடங்குக்கும் மேல் வலுவாகக் கேட்கும்.

அப்போ கேபிளை எவ்வளவு ஆழத்துல இழுக்கறது சரி?

பழைய வழக்கப்படி மேல் அடுக்குக்கு 5 முதல் 8 மீட்டர், ஆழத்துக்கு அதைவிடக் கீழே. மேலே இழுத்தால் அலையடிப்பின் இரைச்சலும் சேர்ந்து வரும், மோசமான வானிலையில் வேலையே நின்றுபோகும். கீழே இறக்கினால் அமைதி கிடைக்கும், ஆனால் மேலே சொன்ன பள்ளங்கள் பயன்படும் அதிர்வெண்களுக்குள்ளேயே வந்துவிடும்.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் பிராட்பேண்ட் முறைகள், அதாவது தாழ்ந்ததும் உயர்ந்ததுமாக அகலமான அதிர்வெண் வரம்பைப் பிடிக்கும் முறைகள் வந்தன. இரண்டு கேபிள்களை ஒன்றின் மேல் ஒன்றாக இழுப்பது பழைய யோசனை, நன்றாக வேலை செய்யும், செலவும் சிரமமும் அதிகம். பிஜிஎஸ் என்ற சர்வே நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த இரட்டை உணரி ஸ்ட்ரீமரில் அழுத்தத்தோடு நீர்த்துகளின் செங்குத்து வேகத்தையும் அளக்கிறார்கள். மேலே போகும் அலையும் கீழே வரும் அலையும் இந்த இரண்டு அளவுகளிலும் வேறுவேறு குறியோடு பதிவாவதால் கோஸ்டைக் கழித்துவிடலாம். சிஜிஜி என்ற இன்னொரு நிறுவனம் 2010-இல் கொண்டுவந்த முறையில் கேபிள் கப்பலுக்குப் பக்கத்தில் மேலேயும் வால் பக்கம் நன்றாகக் கீழேயும் வளைந்து கிடக்கும். ஒவ்வொரு ரிசீவருக்கும் பள்ளம் வேறு அதிர்வெண்ணில் விழுவதால் ஒன்று இழந்ததை இன்னொன்று தரும்.

இரட்டை உணரியிலும் ஒரு சிக்கல் உண்டு. கேபிளின் அதிர்வால் வேக உணரி தாழ்ந்த அதிர்வெண்களில் இரைச்சலாகிவிடும், அந்தப் பகுதியை ஹைட்ரோபோனிலிருந்து கணக்கிட்டு நிரப்புவார்கள். ஆகவே எந்த முறையாக இருந்தாலும் கேபிள் எந்த ஆழத்தில் இருந்தது என்று துல்லியமாகத் தெரிந்தே ஆகவேண்டும்.

பக்கத்து ஆஃப்செட் இல்லைன்னா என்ன குடிமுழுகிப் போகுது?

பக்கத்து ஆஃப்செட் என்றால் சோர்ஸுக்குக் கிட்ட இருக்கும் ரிசீவர்களின் பதிவு. அது இல்லையென்றால் ஆழம் குறைந்த இலக்குக்கு நிஜமாகவே முழுகிப் போகும். பத்து கேபிள்கள் 100 மீட்டர் இடைவெளியில் போகின்றன என்று வையுங்கள். நடுவிலிருந்து விளிம்புக் கேபிள் பக்கவாட்டிலேயே 450 மீட்டர் தள்ளி இருக்கிறது. கடல்தரை 60 மீட்டர் ஆழத்தில் இருந்தால் 250 மீட்டர் ஆஃப்செட்டிலேயே எதிரொலிக் கோணம் 64 டிகிரி ஆகிவிடும். தரையில் வேகம் 1700 மீட்டர் என்றால் மாறுநிலைக் கோணம் 62 டிகிரிதான், அதைத் தாண்டினால் அலை தரைக்குள் நுழையாது. அதாவது கடல்தரையின் முறையான எதிரொலி நடுக் கேபிள்களில் மட்டும் பதிவாகி, விளிம்பில் பதிவாகாது. படத்தில் கப்பல் போன தடமெல்லாம் வரிவரியாகத் தெரியும்.

இதற்குச் சில வழிகள் இருக்கின்றன. சோர்ஸ்களை நடுவிலேயே குவிக்காமல் கேபிள் பரப்பின் அகலத்துக்கு விரித்து இழுத்தால் ஒவ்வொரு சோர்ஸுக்கும் பக்கத்தில் ஏதாவது சில கேபிள்கள் இருக்கும். இன்னும் துணிந்து சோர்ஸ் கப்பலைக் கேபிள்களுக்கு நேர் மேலேயே ஓட்டலாம். கேபிள்கள் ஆழமாகக் கிடப்பதால் இது சாத்தியம். 2017-இல் பாரென்ட்ஸ் கடலில் லுண்டின் என்ற எண்ணெய் நிறுவனமும் சிஜிஜியும் சேர்ந்து இப்படிச் செய்தன. பூஜ்ஜிய ஆஃப்செட் வரை கிடைத்தது.

ஷாட் இடைவெளியைக் குறைச்சுக்கிட்டே போகலாமா?

ஷாட் என்பது சோர்ஸை ஒருமுறை சுடுவது. கப்பல் 25 மீட்டர் நகர ஏறக்குறைய 11 நொடி ஆகும், 12.5 மீட்டருக்கு ஐந்தரை நொடிதான். ஆழமான இலக்குக்கு எட்டுப் பத்து நொடி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் அடுத்த ஷாட் வெடித்தால், முந்தைய ஷாட்டின் பலவீனமான ஆழ எதிரொலி மேல் அடுத்ததன் வலுவான ஆரம்பச் சத்தம் விழும். மேல் அடுக்குக்கு நெருக்கம் வேண்டும், ஆழத்துக்குப் பொறுமை வேண்டும், மறுபடியும் அதே இழுபறி.

ஷாட் நேரங்களை வேண்டுமென்றே சீரில்லாமல் சிறிது முன்பின்னாக மாற்றுவது இதற்குத் தீர்வு. ஒரு ஷாட்டின் கணக்கில் அதன் சொந்த எதிரொலிகள் அடுத்தடுத்த பதிவுகளில் தொடர்ச்சியாக நிற்கும், அண்டை ஷாட்டின் சத்தம் சிதறித் தெரியும். சிதறியதைப் பிரித்தெடுக்கும் கணிதம் நன்றாகத் தேறிவிட்டது, அதனால் மூன்று சோர்ஸ், ஐந்து சோர்ஸ் என்று போவது இப்போது சாதாரணம். ஆனாலும் மிக ஆழமான இலக்கில் பிரித்தபின் மிஞ்சும் எச்சம் எதிரொலியைவிடப் பெரிதாக இருக்கலாம். இலக்கு அங்கே என்றால் முதலில் சிறு பகுதியில் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேபிள் நீளம் எதுக்கு எட்டு பத்து கிலோமீட்டர்?

வேகத்தைக் கண்டுபிடிக்க. ஆழத்திலிருந்து வரும் எதிரொலி ஆஃப்செட்டோடு எவ்வளவு தாமதமாகிறது என்பதை வைத்துத்தான் பாறையின் வேகம் கணக்கிடப்படுகிறது. ஐந்து கிலோமீட்டர் ஆழத்துக்கு இரண்டு கிலோமீட்டர் கேபிள் போட்டால் அந்தத் தாமதம் வேகத்தைத் துல்லியமாகக் கணக்கிட முடியாத அளவுக்குச் சிறியது. வேகம் தப்பானால் மைக்ரேஷன் (எதிரொலிகளை அவை கிளம்பிய இடத்தில் கொண்டுபோய் வைக்கும் கணக்கு) எவ்வளவு உயர்தரமாக இருந்தாலும் அடுக்குகள் தப்பான இடத்தில்தான் உட்காரும். இன்னொரு காரணத்துக்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

எஃப்டபிள்யூஐ வந்தாச்சே, இனி சர்வே எப்படி இருந்தா என்ன? கணினி பார்த்துக்கும்ல?

எஃப்டபிள்யூஐ (ஃபுல் வேவ்ஃபார்ம் இன்வர்ஷன்) என்பது பதிவான அலைவடிவம் முழுவதையும் கணினி உருவாக்கும் அலைவடிவத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தும்வரை பாறை வேக மாதிரியைத் திருத்திக்கொண்டே போகும் முறை. புவி இயற்பியலாளர் டாரன்டோலா 1984-இல் அடித்தளம் போட்டார். வடகடலின் வால்ஹால் வயலில் கடல்தரையில் நிரந்தரமாகப் பதித்த உணரிகளின் டேட்டாவில் இதைப் பயன்படுத்தியபோது, மேலே புதைந்துபோன பழைய ஆற்றுத் தடங்களும் அதற்குக் கீழே வாயு பரவியிருக்கும் வடிவமும் தெளிவாகத் தெரிந்தன. மேல் அடுக்கைச் சரியாக்கினால் கீழே இருக்கும் படமும் தானாகவே சீராகும். எனக்கு இந்த முறையில் மிகப் பிடித்தது அதுதான்.

ஆனால் சர்வேயின் தேவை இதனால் குறையவில்லை, கூடியிருக்கிறது. ஆரம்ப மாதிரி கொடுக்கும் அலை உண்மையான அலையிலிருந்து அரைச் சுழற்சிக்கு மேல் விலகியிருந்தால் கணினி தப்பான முகட்டோடு பொருத்திவிட்டு நிம்மதியாக நின்றுவிடும். தாழ்ந்த அதிர்வெண்ணில் சுழற்சி நீளம் என்பதால் தப்பு நடக்கும் வாய்ப்பு குறைவு. ஆகவே 2, 3 ஹெர்ட்ஸ் அளவில் நல்ல சிக்னல் வேண்டும், சாதாரண ஏர் கன் அங்கே மிகவும் பலவீனம். இதற்காகவே தாழ்ந்த அதிர்வெண் சோர்ஸ்கள் தனியாக வந்திருக்கின்றன. அப்புறம், ஆழமாக வளைந்து திரும்பும் அலைகள் ஆஃப்செட்டில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரைதான் உள்ளே போகும். எட்டு கிலோமீட்டர் கேபிளை வைத்துக்கொண்டு ஆறு கிலோமீட்டர் ஆழத்து வேகத்தை இந்த அலைகளிடம் எதிர்பார்க்க முடியாது.

உப்புப் பாறைக்கு அடியில ஏன் எப்பவும் மங்கலா இருக்கு? என்ன செஞ்சா தெளியும்?

உப்பில் ஒலி வேகம் நொடிக்கு சுமார் 4500 மீட்டர், சுற்றியுள்ள வண்டலைவிட மிக அதிகம், அதோடு உப்பின் உருவமும் கோணல்மாணலானது. ஒரே திசையில் கப்பல் ஓட்டினால் சில இடங்களில் வெளிச்சமே விழாது. எல்லாத் திசைகளிலிருந்தும் அலை அனுப்ப வேண்டும். மெக்சிகோ வளைகுடாவில் பிபி நிறுவனம் மேட் டாக் வயலில் 2004–05-இல் பல கப்பல்களை வைத்து அகலத் திசை சர்வே செய்தது. அட்லாண்டிஸ் வயலில் 2005-இல் தொடங்கிக் கடல்தரையிலேயே நோடு எனப்படும் தனித்தனிப் பதிவுக் கருவிகளை வைத்தது.

நோடு அசையாமல் கிடக்கும், அலையடிப்பு இரைச்சல் இல்லை, சோர்ஸ் கப்பல் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் விலகிப் போகலாம். தண்ணீரில் போகாத குறுக்கலைகளையும் பதிவு செய்யும் என்பதால் வாயு பரவி மங்கலாக்கிய பகுதிகளின் கீழேயும் பார்க்க உதவும். குறை என்ன என்றால் நோடுகளுக்கு இடையே சில நூறு மீட்டர் இருக்கும், கடல்தரையை ஒட்டிய அடுக்குகள் நேரடி எதிரொலியில் ஓட்டையாகத் தெரியும். அதைச் சமாளிக்க, தண்ணீர்ப் பரப்பில் மோதித் திரும்பி வரும் அலைகளை வைத்துப் படமெடுக்கிறார்கள்.

மல்டிபிளை சாஃப்ட்வேர் எடுத்துடும்னு சொல்றாங்க, அப்புறமும் ஏன் இருக்கு?

கடல்தரைக்கும் மேல்பரப்புக்கும் நடுவே திரும்பத் திரும்ப மோதி வரும் எதிரொலிதான் மல்டிபிள். 60 மீட்டர் தண்ணீரில் இது 80 மில்லிநொடிக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும், நிஜ அடுக்குகளோடு பின்னிப்பிணைந்துவிடும். டேட்டாவையே வைத்து மல்டிபிளைக் கணிக்கும் முறைக்குக் கடல்தரையின் தெளிவான எதிரொலி தேவை, அதற்குப் பக்கத்து ஆஃப்செட் தேவை. பக்கத்து ஆஃப்செட் பற்றிய கேள்வியில் சொன்ன ஓட்டை இங்கே வந்து கடிக்கிறது. ஆழமான இலக்கை மட்டும் தேடுபவர்களும் கிட்ட இருக்கும் ரிசீவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதற்கு இதுவே போதுமான காரணம்.

முதல் நூறு மீட்டர் மட்டும் போதும்னா சின்ன ஏர் கன் போதுமா?

பெரும்பாலும் ஸ்பார்க்கர் போடுவார்கள். மின்பொறியால் தண்ணீரில் துடிப்பு எழுப்பும் கருவி அது, நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸில் தொடங்கி கிலோஹெர்ட்ஸைத் தாண்டியும் சிக்னல் தரும். பின்னால் நூறு மீட்டர் அளவிலான குட்டிக் கேபிள், ஒரு மீட்டர் அளவில் ரிசீவர் இடைவெளி. முப்பரிமாணம் வேண்டும் என்றால் குறுக்கே ஒரு கேபிள் கட்டி அதிலிருந்து பல குட்டி ஸ்ட்ரீமர்களைத் தொங்கவிடும் பி-கேபிள் போன்ற அமைப்பு.

இங்கே எதிரி வேறு. 1000 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி ஒரு மில்லிநொடிதான். சோர்ஸும் ரிசீவரும் அலையில் அரை மீட்டர் தூக்கப்பட்டால் எதிரொலி மூன்றில் இரண்டு பங்கு மில்லிநொடி நகர்ந்துவிடும், அப்படியே கூட்டினால் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு ஷாட்டுக்கும் உயரத் திருத்தம், ஓதத் திருத்தம், கேபிளின் இருப்பிடம் எல்லாம் பத்து சென்டிமீட்டர் அளவில் தெரியவேண்டும். பெரிய சர்வேயில் யாரும் கண்டுகொள்ளாத பிழை இங்கே படத்தையே அழித்துவிடும்.

பழைய டேட்டா நிறைய இருக்கு. அதையே மறுபடி ப்ராசஸ் பண்ணினா போதாதா?

பல நேரங்களில் அதையே முதலில் செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வேன். கேபிள் முழுவதையும் ஒரே ஆழத்தில் இழுத்து எடுத்த பழைய டேட்டாவிலும் கணித முறையில் கோஸ்டைக் கணிசமாகக் குறைக்கலாம், வேக மாதிரியைப் புதிதாகக் கட்டலாம், செலவு புது சர்வேயில் சிறு பங்குதான்.

ஆனால் பதிவாகாத ஆஃப்செட், போகாத திசை, இரைச்சலுக்குக் கீழே மூழ்கிய 3 ஹெர்ட்ஸ் இவற்றை எந்த ப்ராசஸிங்கும் உருவாக்கித் தராது. இடையில் நிரப்பிக் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன, பார்க்க அழகாகவும் இருக்கும். நிரப்பப்பட்டது எது, அளக்கப்பட்டது எது என்று தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

திமிங்கலங்களுக்கு இந்தச் சத்தம் ஆபத்து இல்லையா?

பாதிப்பு உண்டு, அதைக் குறைக்கும் கடமையும் உண்டு. பிரிட்டனில் ஜேஎன்சிசி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டுதலின்படி சுடத் தொடங்கும் முன் குறைந்தது 30 நிமிடமும், 200 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள கடலில் 60 நிமிடமும் கண்காணிக்க வேண்டும். 500 மீட்டருக்குள் கடல் பாலூட்டி தென்பட்டால் தொடக்கத்தைத் தள்ளிப்போட வேண்டும், பிறகு குறைந்தது 20 நிமிடம் எடுத்து மெதுவாகச் சத்தத்தை ஏற்ற வேண்டும்.

வடிவமைப்பிலும் செய்யவேண்டியது இருக்கிறது. ஆழமான இலக்குக்கு 200 ஹெர்ட்ஸுக்கு மேல் போகும் சத்தம் எந்தப் படத்திலும் சேராமல் வீணாகிறது, பல டால்பின் இனங்கள் நன்றாகக் கேட்பதோ அந்த உயர் பக்கம்தான். அந்தச் சத்தத்தை வெட்டும் ஏர் கன்கள் இருக்கின்றன. ஒரேயடியாக வெடிக்காமல் ஆற்றலை நேரத்தில் பரப்பி அனுப்பும் கடல் வைப்ரேட்டர்கள் உச்ச அழுத்தத்தை வெகுவாகக் குறைக்கும். அவற்றுக்குத் தாழ்ந்த அதிர்வெண்ணில் போதிய பலம் கிடைக்க வைப்பதில்தான் பொறியாளர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, ஒரே கப்பல்ல ஆழத்துக்கு ஒரு செட், மேலுக்கு ஒரு செட்னு ரெண்டையும் இழுத்தா?

கயிறுகளும் கேபிள்களும் சிக்கிக்கொள்ளாத வரை முடியும். பெரிய கன் கூட்டத்தின் ஷாட்டுகளுக்கு நடுவே சிறிய சோர்ஸைச் சுடலாம், குட்டிக் கேபிளை இரண்டு பெரிய கேபிள்களுக்கு நடுவே கிட்டத்தில் வைக்கலாம். பெரிய ஷாட்டின் நீண்ட வால் சிறிய சோர்ஸின் பதிவில் விழும், ஆனால் அது தாழ்ந்த அதிர்வெண், இது உயர் அதிர்வெண், வடிகட்டலாம்.

சிக்கல் வருவது பக்கவாட்டு இடைவெளியில். பெரிய செட்டின் தடங்களுக்கு நடுவே சில நூறு மீட்டர் இருக்கும், குட்டிக் கேபிள் அகலம் அதில் சிறு பட்டை மட்டும். உங்களுக்குக் கிடைப்பது ஆழத்தில் முழு முப்பரிமாணம், மேலே வரிவரியாக இருபரிமாணக் கோடுகள். கிணறு தோண்டும் இடத்தைச் சுற்றி வாயு ஆபத்தை முதல்கட்டமாகப் பார்க்க அது போதும். பாறாங்கல் ஒவ்வொன்றையும் தேடும் காற்றாலை வேலைக்குப் போதாது, அதற்குத் தனிக் கப்பலையே அனுப்பச் சொல்லுங்கள்.